இன்ஸ்டன்ஸா, ஓப்பன் வேர்ல்டா? 12 பேர் குழுவுக்கு எது ஆகும்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. திருப்பூர், அவிநாசி, பெருந்துறை, கோபி இப்படிப் பல ஊர்ல இருந்து 12 பேர் ஒட்டுக்கா ஆடற மாதிரி ஒரு எம்எம்ஓ (நெறையப் பேர் ஒரே உலகத்துல ஆடற இணைய கேம்) வேணும். பாதிப் பேர் ஷிப்ட் ஆளுங்க. ராத்திரி 9-லிருந்து 11 வரைக்கும்தான் எல்லாரும் கூட முடியும். சிலர் ‘இன்ஸ்டன்ஸ் டன்ஜன், அதாவது குழுவுக்குக் குழு தனி நகலாத் திறக்கற குகை இருக்கற கேம்தான் நேரத்துக்கு ஆகும்’ங்கறாங்க. சிலர் ‘கதவைச் சாத்திக்கிட்டு ஆடறதுக்கு எம்எம்ஓ எதுக்கு, எல்லாரும் ஒரே பொது இடத்துல ஆடற ஓப்பன் வேர்ல்டுதான் ஆட்டம்’ங்கறாங்க. எனக்கு ஓப்பன் வேர்ல்டு பக்கம்தான் மனசு. ரெண்டும் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது, எங்க கோளாறு வருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மடைக்காரன்

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்குங்க. ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். மொத்தத்துக்கும் ஒரே போகத்துல நெல்லுக்குத் தண்ணி விட முடியாது. அதனால ஒரு முறை ஒற்றைப்படை மதகு, அடுத்த முறை இரட்டைப்படை மதகு. ஓப்பன் வேர்ல்டு பாஸும் (பெரிய எதிரி) இதே கணக்குதான். சர்வருக்கு ஒரு டிராகன். செத்தா திரும்ப வர நாள்கணக்காகும். குடிக்க வர்றது நூறு கில்டு (ஆட்டக்காரங்க சங்கம்).

1999-ல வந்த எவர்குவெஸ்ட் இப்படித்தான் ஓடுச்சு. சில சர்வர்ல கில்டுகளே உட்கார்ந்து பேசி முறை போட்டுக்கிட்டாங்க, இந்தத் தடவை நீ, அடுத்தது நான்னு. சில சர்வர்ல பேச்சே இல்லை, எவன் முதல்ல 40 பேரை எழுப்பிக் கொண்டுவர்றானோ அவனுக்கு. சாதாரண டன்ஜன்லயும் இதே கதை. நல்ல பொருள் விழற மூலையில ஒரு குழு உட்கார்ந்தா அது அவங்க ‘கேம்ப்’. பின்னால வந்தவன் வரிசையில நிக்கணும். எவனோ ஒருத்தன் தப்பிச்சு ஓடறப்போ துரத்தற மாபெல்லாம் (கேம்ல வர்ற எதிரிங்க) உங்க மேல வந்து விழும், அதுக்குப் பேர் ‘ட்ரெயின்’. வேணும்னே கூட்டிட்டு வந்து தாட்டி விடறவனும் உண்டு.

இன்ஸ்டன்ஸ்ங்கறது ஆளுக்கொரு போர்வெல் போட்டுக் குடுத்த மாதிரி. அனார்க்கி ஆன்லைன் 2001-லேயே குழுவுக்குத் தனி மிஷன் அறை குடுத்துச்சு. எவர்குவெஸ்ட்டும் 2003-ல ‘லாஸ்ட் டன்ஜன்ஸ் ஆஃப் நொராத்’ல அதே வழிக்கு வந்துச்சு. சண்டை ஓஞ்சுது. ஆனா போர்வெல் தண்ணிக்கும் மீட்டர் வெச்சாங்க, அதுதான் லாக்அவுட்: ஒருக்கா முடிச்சா இத்தனை நாள் கழிச்சுத்தான் மறுபடி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஆரம்ப காலத்துல மோல்ட்டன் கோர் 7 நாளைக்கு ஒருக்கா, ஆனிக்ஸியா 5 நாள், சுல்குருப் 3 நாள்.

ஆக, நீங்க கேட்க வேண்டியது ‘எது நல்லது’ன்னு இல்லீங்க. பொருள் எதுல தட்டுப்பாடு, அதை யார் பங்கு வெக்கறாங்கன்னு பாருங்க. ஒண்ணுல ஆடறவங்களே பங்கு வெக்கணும், இன்னொண்ணுல மெஷின் வெக்கும்.

குசும்பன்_641

முறைத்தண்ணிக்கு மண்வெட்டியோட நின்னவனுக்கு எவர்குவெஸ்ட் புதுசா என்னத்தைக் கத்துக்குடுக்கும்?

பைட்டுக்கணக்கு

சர்வர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இன்ஸ்டன்ஸ் என்றால் முழு வரைபடத்தையும் நகல் எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சுவர், தரை, மாடிப்படி எல்லாம் மாறாத தரவு. அதை எல்லா நகலும் பகிர்ந்துகொள்ளலாம். தனியாக வைக்க வேண்டியது நிலைமை மட்டுமே: எந்த மாப் உயிரோடு இருக்கிறது, எந்தக் கதவு திறந்தது, யாருக்கு என்ன விழுந்தது. அதனால் ஒரு நகல் திறப்பது மலிவு. ஆனால் இலவசம் அல்ல. ஒரே ஆள் உள்ளே போய், முதல் பாஸை மட்டும் அடித்து, வெளியே வந்து ரீசெட் செய்து மறுபடி போனால் சர்வரும் திணறும், பொருளாதாரமும் கெடும். அதனால்தான் வார்கிராஃப்டில் மணிக்கு 5 இன்ஸ்டன்ஸ் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கிளாசிக் பதிப்பில் 2020-ல் நாளுக்கு 30 என்று இன்னொன்றும் சேர்த்தார்கள்.

ஓப்பன் வேர்ல்டில் சிக்கல் வேறு. ஓர் இடத்தில் 40 பேர் நின்றால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்: ஏறத்தாழ 40 பெருக்கல் 40, அதாவது 1,600 செய்திகள். ஆள் 5 மடங்காகி 200 ஆனால் 40,000. வேலை 25 மடங்கு. கூட்டம் கூடியதும் திறன் அழுத்தினால் 3 விநாடி கழித்து வேலை செய்வது இதனால்தான். தூரத்தில் இருப்பவர்களைக் குறைவாக அனுப்புவது, பார்வைக்கு வெளியே இருப்பவர்களை விட்டுவிடுவது என்று சமாளிக்கிறார்கள். எல்லோரும் ஒரே பாஸின் காலடியில் நிற்கும்போது அந்த உத்தி எதுவும் பலிக்காது.

ஈவ் ஆன்லைன் இதற்கு நேர்மையான ஒரு வழி வைத்திருக்கிறது. சுமை ஏறினால் நேரத்தையே மெதுவாக்கிவிடும், 10 சதவீதம் வரைக்கும். விளையாட்டின் 1 விநாடி, நமக்கு 10 விநாடி. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த பெரிய சண்டை ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அந்த இடத்தின் உரிமைக்கான கட்டணம் கட்டப்படாமல் போனதுதான் தொடக்கம். 9 முதல் 11 வரை நேரம் உள்ளவர்களுக்கு அந்த விளையாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வடம்

நொய்யல்கரை, உங்க மனசு சரியான பக்கம்தான் இருக்குது. விடாதீங்க.

இன்ஸ்டன்ஸ் சண்டையைத் தீர்த்துச்சு, ஒத்துக்கறேன். கூடவே ஊரையும் காலி பண்ணிருச்சு. வார்கிராஃப்ட்ல முன்ன 5 பேர் சேரணும்னா ஊர்ல கூவணும், ரெண்டு பேர் நடந்து போய் டன்ஜன் வாசல்ல கல்லுகிட்ட நின்னு மத்தவங்களை வரவழைக்கணும். 2009 டிசம்பர்ல டன்ஜன் ஃபைண்டர் வந்துச்சு. பட்டனை அழுத்தினா வேற சர்வர் ஆளோட சேர்த்து நேரா உள்ள இறக்கிரும். லூட்டை (விழுந்த பொருளை) தூக்கிட்டு ஓடினவனை மறுபடி பார்க்கவே மாட்டீங்க. பேர் கெடும்ங்கற பயம் போச்சுன்னா ஒழுக்கமும் போச்சு.

ஓப்பன் வேர்ல்டுல சண்டை வராம பண்ண முடியாதான்னா, முடியும். 2012-ல வந்த கில்டு வார்ஸ் 2 பண்ணிக் காட்டுச்சு. முதல் அடி அடிச்சவனுக்கே மாப் சொந்தம்ங்கற விதி அங்க இல்லை. அடிச்ச எல்லாருக்கும் தனித்தனி லூட். செடி, தாதுக்கல் எல்லாம் ஆளாளுக்குத் தனி. நீங்க வெட்டினாலும் எனக்கு அப்படியே நிக்கும். அடுத்தவன் வந்தா எனக்கு நட்டமில்லை, லாபம்.

உங்க நேரத்துக்கும் அது பொருந்தும். டெகாட்டல்ங்கற டிராகன் தினமும் குறிச்ச நேரத்துக்கு வரும். நம்ம நேரத்துல சாயங்காலம் 5 மணிக்கு ஒண்ணு, ராத்திரி 9:30-க்கு ஒண்ணு. மொத்தச் சண்டைக்கும் 15 நிமிஷக் கெடு. வடக்கே 3, தெற்கே 3 பீரங்கி இருக்கும். அதுல உட்கார்றவன் டெகாட்டல் மேல ஏற ஏற இறுகற செதிலை உடைக்கணும், விஷத்தைக் கழுவணும். தெரியாதவன் ஏறி உட்கார்ந்துக்கிட்டா அடி உள்ள இறங்காது, அத்தனை பேரும் மலையை முட்டற மாதிரி முட்டிட்டு இருப்பாங்க. உயிர் 75, 50, 25 சதவீதம் ஆகறப்போ நம்ம பக்கத்துப் பெரிய லேசருக்கான பேட்டரிகளைக் காக்க ஓடணும். முதல் தடவை போறவங்க பீரங்கிப் பக்கமே போகாம, தலைவர் போட்ட குறிக்குக் கீழ நின்னு அடிங்க, போதும்.

மடைக்காரன்

தேர்வடம், நீங்க சொன்னதுலயே என் பேச்சுக்கு ஆதாரம் இருக்குது பாருங்க. லூட் எல்லாருக்கும், செடி எல்லாருக்கும்னு ஆனப்புறம் அங்க தட்டுப்பாடு எங்க? கதவை எடுத்துட்டாங்களே ஒழிய, பங்கு வெக்கறது மெஷின்தான். ஓப்பன் வேர்ல்டு தோற்றத்துல ஒரு பெரிய இன்ஸ்டன்ஸ்.

அங்கயும் ஒரு தட்டுப்பாடு புதுசா முளைக்குது. விவரம் தெரிஞ்ச ஆளு. கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி பாஸோட உயிரும் ஏறும். வடம் பிடிக்காம ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கறவனையும் எண்ணி, தேரோட எடையை ஏத்தினா எப்படி? அதுதான் அங்க நடக்குது. சும்மா நிக்கறவன் 20 பேர் இருந்தா, பிடிக்கறவன் கை ஒடியும்.

தேர்வடம்

என் பேரையே எடுத்து என்னையே அடிச்சுட்டீங்க. சரி, ஒத்துக்கறேன், சும்மா நிக்கறவன் தொல்லை உண்டு. அதுக்குத்தான் அங்க ஒரு தலைவர் கீழ ஸ்குவாட் (பெரிய குழு) போடறது, 50 பேர் வரைக்கும். ஒழுங்கான தலைவர் போட்ட ஸ்குவாட்ல சேர்ந்தா பெரும்பாலும் முடிஞ்சுரும்.

சிறுவாணி

இரண்டு திருத்தம், ஒரு சேர்க்கை.

‘ஓப்பன் வேர்ல்டில் பொருளுக்குத்தான் சண்டை’ என்பது பாதிதான். கெடுப்பதற்கென்றே வருபவர்களும் உண்டு. வார்கிராஃப்டின் லார்ட் கஸாக் பக்கத்தில் எந்த ஆட்டக்காரர் செத்தாலும் பாஸுக்கு உயிர் ஏறும். எதிரணி ஆள் வந்து வேண்டுமென்றே செத்தால் போதும், 40 பேரின் உழைப்பு வீண். அதே கஸாக்கை நகரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டதும் நடந்தது. அங்கே சின்ன நிலை ஆட்கள் சாகச் சாக அவனுக்கு உயிர் ஏறிக்கொண்டே போகும்.

இன்ஸ்டன்ஸின் சுவர் ஒழுகவே ஒழுகாது என்பதும் பொய். 2005 செப்டம்பரில் சுல்குருப் ரெய்டின் (பெரிய குழு போகும் இன்ஸ்டன்ஸ்) ஹக்கார் பாஸ் போடும் ‘கரப்டட் பிளட்’ நோய், பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும். அந்த 20 பேர் ரெய்டுக்குள்ளேயே முடிய வேண்டியது. வேட்டைக்காரர்கள் நோயோடு இருந்த பிராணியை உள்ளே ஒளித்துவிட்டு, நகரத்தில் திரும்ப அழைத்தார்கள். பிராணியை ஒளித்ததும் நோயின் கடிகாரம் நின்றுவிட்டது; அழைத்ததும் திரும்ப ஓடியது. நகரமே விழுந்தது. சாகாத கடைக்காரப் பாத்திரங்களும் நோயைச் சுமந்து பரப்பின. கடைசியில் பிராணிகளுக்கு அந்த நோய் தொற்றாதபடி திருத்தினார்கள். கொள்ளைநோய் ஆராய்ச்சியாளர்கள் பிறகு அதை வைத்துக் கட்டுரையே எழுதினார்கள்.

சேர்க்கை: ஃபைனல் ஃபேண்டஸி 11-ல் முன்பு ஃபாஃப்னிர் போன்ற பாஸ்கள் செத்து 21 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்துக்குள் ஏதாவது ஓர் அரை மணிக் கட்டத்தில் வந்தன. யார் பெயரில் முதலில் ‘கிளெய்ம்’ (உரிமை) விழுந்ததோ அவர்களுக்கே. மனிதக் கை ஜெயிக்கவில்லை, தானாகவே கிளெய்ம் அடிக்கும் பாட் புரோகிராம் ஜெயித்தது. தட்டுப்பாட்டைக் கடிகாரத்தில் வைத்தால் ஏமாற்று அங்கேதான் போய் உட்காரும்.

பைட்டுக்கணக்கு

சிறுவாணி சொன்னதோடு ஒன்று. இன்ஸ்டன்ஸின் பெரிய லாபம் சண்டை குறைவது அல்ல, எண்ணிக்கை தெரிவது. ஃபைனல் ஃபேண்டஸி 14-ன் சேவேஜ் ரெய்டில் 8 பேர்: 2 டேங்க் (அடி தாங்குபவர்), 2 ஹீலர் (உயிர் ஏற்றுபவர்), 4 அடிப்பவர்கள். வடிவமைப்பவருக்கு அது முன்கூட்டியே தெரியும். ‘நாலு மூலைக்கும் இரண்டிரண்டு பேர் போ’ என்று ஒரு கணக்கு வைக்க முடிகிறது. 80 பேர் வருவார்களா 8 பேர் வருவார்களா என்று தெரியாத இடத்தில் அப்படி வைக்க முடியாது. அதனால்தான் ஓப்பன் வேர்ல்டு பாஸ் பெரும்பாலும் உயிர் மட்டும் நிறைந்த சாக்கு மூட்டையாக இருக்கிறது. டெகாட்டல் போன்றவை விதிவிலக்கு. அங்கும் வேலை பீரங்கிக்காரர்கள் தலையில்தான்.

இன்ஸ்டன்ஸுக்குத் தனி சர்வர் இருந்தால் அதுவும் குறுகிய மதகுதான். அதே விளையாட்டில் 2017 ஜூனில் ஸ்டார்ம்பிளட் வந்தபோது, கதையை நகர்த்த ஒரு தனியாள் இன்ஸ்டன்ஸைக் கடந்தே தீர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து, அதைத் திறக்கும் ராபான் என்ற கதாபாத்திரத்தின் முன்னால் நின்றார்கள். உள்ளே போக இடமில்லை. வெளியுலகம் நன்றாகவே ஓடியது, கதவுதான் அடைத்துக்கொண்டது. ‘ராபான் எக்ஸ்ட்ரீம்’ என்று அதற்குக் கிண்டல் பெயரே வந்துவிட்டது.

நொய்யல்கரை

நெம்ப நன்றிங்க. பாட் விஷயம் புரிஞ்சுது. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, 12 பேருக்கு ரெய்டுல எப்படி இடம் பிரிக்கறது? ரெண்டு, ஓப்பன் வேர்ல்டுல 12 பேரும் ஒரே இடத்துக்கு வந்தும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியலைங்கறாங்களே, அது ஏனுங்க?

சிறுவாணி

இரண்டாவதுக்கு முதலில். அதுதான் ஷார்ட், லேயர், மெகாசர்வர் என்று பல பெயரில் வருவது. வெளியுலகத்தையே பல நகலாக வெட்டி, நிரம்பியதும் அடுத்த நகலுக்கு ஆளைத் தள்ளுவது. வார்கிராஃப்ட் கிளாசிக் 2019-ல் லேயர் வைத்து வந்தபோது, அரிய மூலிகையைப் பறித்துவிட்டு இன்னொரு லேயரில் இருப்பவர் குழுவில் சேர்ந்து தாவி, அங்கேயும் பறித்தார்கள். பிறகு தாவுவதற்குக் காத்திருப்பு நேரம் வைத்தார்கள்.

கில்டு வார்ஸ் 2-ல் 2014-லிருந்து மெகாசர்வர். 12 பேரும் ஆளுக்கொரு நிமிடத்தில் தனித்தனியாக உள்ளே போனால் மூன்று நகலில் சிதறுவீர்கள். முதலில் ஒருவர் ஸ்குவாட் தொடங்கி எல்லோரையும் சேர்க்கட்டும். அவர் மட்டும் டெகாட்டல் வரும் ஸ்பார்க்ஃபிளை ஃபென் போய், நகலில் ஆள் இருக்கிறதா, தலைவர் இருக்கிறாரா என்று பார்க்கட்டும். மற்றவர்கள் ஸ்குவாட் பட்டியலில் அவர் பெயரில் வலது சொடுக்கி, அந்த நகலில் சேரும் வழியைத் தேர்வு செய்யுங்கள். 9:30-க்குச் சண்டை என்றால் 9:10-க்குள் இது முடிய வேண்டும். 9:25-க்கு நிரம்பிவிட்டால் கடைசி இரண்டு பேர் வெளியேதான்.

கொடிவேரி_அலை

ரெய்டு இடக் கணக்கு:

ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் 8 பேர், அதனால 4 பேர் உட்கார்ந்து வேடிக்கை. கில்டு வார்ஸ் 2 ரெய்டு 10 பேர், 2 பேர் வெளிய. வார்கிராஃப்ட்ல நார்மல், ஹீரோயிக் ரெய்டு 10-லிருந்து 30 வரைக்கும் வளையும், 12 பேரும் உள்ள போகலாம். ஆனா ஆகக் கடினமான மிதிக் மட்டும் 20, கூடவும் ஆகாது குறையவும் ஆகாது. 12 பேர் எப்பவும் ஒட்டுக்கா இருக்கணும்ங்கறதுதான் முக்கியம்னா வார்கிராஃப்ட் ஹீரோயிக். மாசக் கட்டணம் உண்டு, அதையும் ரோசனை பண்ணிக்குங்க.

பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகற நேரம்) பத்தி யாரும் பேசலை. இந்த மூணுக்குமே இந்தியாவுல சர்வர் கிடையாது. கில்டு வார்ஸ் 2-க்கு வட அமெரிக்கா, ஐரோப்பா மட்டும்தான்; நமக்கு ஐரோப்பா கிட்ட. இன்ஸ்டன்ஸுக்குள்ள போனா பிங் குறையும்ங்கறது மூடநம்பிக்கை, தூரம் அதேதான். ஃபைனல் ஃபேண்டஸி 14-ல பாஸ் மந்திரம் போடற பட்டை முடியற நொடியில நீங்க எங்க இருந்தீங்களோ அதுதான் கணக்கு. வெடி தெரியறது அப்புறம். பிங் அதிகம் இருக்கறவங்க பட்டை முடியறதுக்குக் கொஞ்சம் முன்னமே வெளிய வந்தரணும். வெடியைப் பார்த்துட்டு நகர்ந்தா எப்பவும் சாவுதான்.

ஓப்பன் வேர்ல்டுக் கூட்டத்துல பிங்கை விடக் கம்ப்யூட்டர்தான் திணறும். கில்டு வார்ஸ் 2-ல கிராபிக்ஸ் பக்கம் போய், கதாபாத்திர எண்ணிக்கை வரம்பையும் தரத்தையும் ஆகக் கீழ வையுங்க. நிழலை எடுத்துருங்க. மத்ததையெல்லாம் அப்படியே விட்டாலும் டெகாட்டல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் கரண்ட். மாசப் பராமரிப்பு நிறுத்தம் பகல்லதான், அது தொல்லையில்லை. மழைக்காலச் சாயங்காலம்தான் ஆபத்து. லேப்டாப் பேட்டரியில ஓடும், ஆனா இணையப் பெட்டி செத்துரும். ரூட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் வெச்சுட்டு, சுவத்துல இருக்கற ஃபைபர் பெட்டியை மறந்துடறாங்க. ரெண்டு பெட்டியா இருந்தா ரெண்டுக்கும் வேணும். அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்க.

குசும்பன்_641

போன்ல மட்டும் ஆடறவனுக்கு இந்த இழையில பந்தி கிடையாதுங்களா?

மடைக்காரன்

இருக்குது. ஆல்பியன் ஆன்லைன். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே உலகம், ஆசிய சர்வர் தனியா உண்டு, பிங் தேவலாம். ஆனா எச்சரிக்கை: சிவப்பு, கருப்பு மண்டலத்துல செத்தா மேல போட்டிருக்கறது மொத்தமும் போகும். அங்க தட்டுப்பாடு நிஜம், பங்கு வெக்கறதும் ஆளுங்கதான். புதுசா போறவங்க நீலம், மஞ்சள்ல ஆடிட்டு, கருப்புக்குப் போறப்போ திரும்ப வாங்க முடியற விலைக்கு மட்டும் உடுத்திட்டுப் போங்க. கரப்டட் டன்ஜன்னு ஒண்ணு உண்டு. தனியாளா இன்ஸ்டன்ஸ் மாதிரி உள்ள போவீங்க, நடுவுல இன்னொருத்தன் படையெடுத்து உள்ள வருவான். சுவரும் இருக்குது, ஓட்டையும் அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. பெரிய கில்டு மானங்காணியா ஆள் சேர்த்துட்டு வந்தா அடியோட பலம் குறையற மாதிரி ஒரு விதியும் வெச்சிருக்கறாங்க. 12 பேர் குழுவுக்கு அது நல்லது.

தேர்வடம்

என் ஓட்டு மாறலை. வாரநாள்ல டெகாட்டல், 9:10-லிருந்து 9:45. மீதி நேரம் மேப்ல சுத்துங்க. அடிப்படை ஆட்டம் 2015-லிருந்து இலவசம், பிடிக்கலைன்னா காசு போகலை.

நொய்யல்கரை

அப்படியே வெச்சுக்கலாமுங்க. ஒரு மாசம் இலவசமா டெகாட்டல். நிலைச்சா ரெய்டு இருக்கற விரிவாக்கத்தை வாங்கி, ஞாயித்துக்கிழமை 10 பேர் ரெய்டு. மீதி 2 பேரை எப்படி உட்கார வெக்கறது? அதுலதான் குழு உடையும்னு பயமா இருக்குது.

மடைக்காரன்

மதகுக் கணக்குதான். 12 பேரை 6 ஜோடியாப் பிரிங்க. வாரம் ஒரு ஜோடி வெளிய. 6 வாரத்துக்கு ஒருக்காதான் ஒருத்தர் முறை வரும். ரெய்டுப் பரிசுக் கணக்கு நம்ம நேரத்துல திங்கக்கிழமை மத்தியானம் 1 மணிக்கு மாறும். ஞாயித்துக்கிழமை முடிக்காதது மறுநாள் மத்தியானத்தோட போச்சு, அதனால அடிக்கத் தெரிஞ்ச பாஸை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் புதுசைத் தொடுங்க.

சிறுவாணி

ஜோடியைச் சீட்டுப் போட்டுப் பிரிக்காதீர்கள். அங்கே 5 பேர் கொண்ட இரண்டு உட்குழு; ஒவ்வொன்றுக்கும் குவிக்னெஸ் (திறன்களை வேகமாக்குவது) கொடுப்பவர் ஒருவர், அலாக்ரிட்டி (திறன்கள் சீக்கிரம் திரும்பத் தயாராக வைப்பது) கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அலாக்ரிட்டி கொடுக்கும் இருவரும் ஒரே ஜோடியில் விழுந்தால் அந்த வாரம் ரெய்டே இல்லை. முதலில் அந்த நான்கு பேரை நான்கு வெவ்வேறு ஜோடியில் எழுதிவிட்டு, அவர்கள் வெளியே போகும் வாரத்துக்கு மாற்று யார் என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, மற்ற எட்டுப் பேரை நிரப்புங்கள்.

நொய்யல்கரை

எழுதிட்டேனுங்க. அலாக்ரிட்டிக்கு மாற்று ஆள் ஒருத்தர்தான் தேறறாரு. இன்னொருத்தரைப் பழக்கற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ரெய்டு ஆரம்பிக்கலை.